பனோரமா: கைப்பிடிக் கம்பி உடைவது ஏன்?

கேள்வி: கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஒரு பெரிய கூடத்தைப் பல படங்களாக எடுத்து ஹூகின் என்ற மென்பொருளில் ஒரே அகலப் படமாக ஒட்டினேன். எதிர்ச்சுவர் ஒழுங்காக வருகிறது. அருகிலுள்ள கைப்பிடிக் கம்பி மட்டும் துண்டு துண்டாக நிற்கிறது. மென்பொருளின் கோளாறா?

பதில்: மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம், கேமரா சுழன்ற அச்சுதான் தப்பு. ட்ரைபாட் திருகு கேமரா உடலுக்கு அடியில் இருக்கிறது. அதைச் சுற்றித் திருப்பும்போது லென்ஸ் ஒரு வில்போல நகர்கிறது. அதனால் கம்பி, பின்னால் இருக்கும் சுவரை ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் மறைக்கிறது. இந்த இடமாறு தோற்றப் பிழை வந்துவிட்டால், எத்தனை கன்ட்ரோல் பாயின்ட் (இரண்டு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் பொருத்தப் புள்ளி) போட்டாலும் முழுதாகப் போகாது.

லென்ஸை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்பெர்ச்சர் (ஒளி புகும் துளை) எந்த ஆழத்தில் இருப்பதாகத் தெரிகிறதோ, அந்த இடம் சுழல் அச்சுக்கு நேர்மேலே வர வேண்டும். கேமராவை முன்பின் நகர்த்த ஒரு ஸ்லைடர் தகடு போதும். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதற்கு நேர் பின்னால் தொலைவில் ஒரு கம்பம் வரும்படி நில்லுங்கள். கேமராவை வலப்பக்கம் திருப்புங்கள். குச்சி கம்பத்தை விட்டு இடப்பக்கம் விலகினால் லென்ஸ் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. கேமராவைப் பின்னுக்குத் தள்ளுங்கள். வலப்பக்கம் விலகினால் முன்னுக்கு. இரண்டும் பிரியாமல் நிற்கும் இடத்தைத் தகட்டில் குறித்துவையுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் குவியத் தூரம் மாறும்போது இந்த இடமும் மாறும்.

மலைத்தொடர்போல எல்லாமே தொலைவில் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கையில் பிடித்தே எடுக்கலாம்.

கேள்வி: வானத்தில் பட்டை பட்டையாக நிற வேறுபாடு தெரிகிறதே?

பதில்: ஆட்டோவை நிறுத்துங்கள். ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் ஐந்தும் முதல் படம் முதல் கடைசிப் படம் வரை மாறக்கூடாது. காட்சியின் மிக வெளிச்சமான பகுதியை அளந்து எக்ஸ்போஷர் வையுங்கள். போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்: சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளிய வானத்தை அது கூடுதலாகக் கறுப்பாக்கும், அகலமான பனோரமாவில் அது அசிங்கமான கறையாகவே விழும். ஓரங்கள் இருள்வதைக் குறைக்க அப்பெர்ச்சர் எஃப்/8 நல்லது.

கேள்வி: முழு வட்டத்துக்கு எத்தனை படம்?

பதில்: ஃபுல் ஃபிரேம் (36×24 மிமீ சென்சார்) கேமராவில் 24 மிமீ லென்ஸை நெட்டுவாக்கில் பிடித்தால் ஒரு படம் சுமார் 53 டிகிரி அகலம் காட்டும். 30 சதவீதம் மேற்படிய வேண்டும் என்றால் 36 டிகிரிக்கு ஒன்றாக 10 படம். மேகம், அலை, அசையும் இலை மேல் விழுந்த கன்ட்ரோல் பாயின்ட்டுகளை அழித்துவிட்டு ஆப்டிமைஸ் (படங்களை மென்பொருள் மறுபடி பொருத்துவது) செய்யுங்கள். வட்டத்தைத் தட்டையான படமாக விரிக்க மென்பொருளில் சிலிண்டர் வடிவம் (ப்ரொஜெக்ஷன்) எடுங்கள். அதில் கிடைக்கோடுகள் வளையும். கட்டடத்தின் விளிம்புகள் நேராகவே வர வேண்டுமானால் ரெக்டிலினியர் வடிவம்தான், ஆனால் 100 டிகிரியைத் தாண்டினால் ஓரங்கள் ரொம்பவே இழுபடும்.