பொடக்காலிப் (கொல்லைப்புறப்) பறவைகள்: கேள்வி-பதில்

தீனியாகக் கம்புத் தானியம் வைத்து ஒரு வாரம் ஆகிறது. ஒரு குருவிகூட வரவில்லை, என்ன காரணம்? – சரவணம்பட்டி வாசகர்

மொட்டை மாடியிலா, மரத்தடியிலா? வெயிலா, நிழலா? எதையும் எழுதாமல் காரணம் கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். புது இடம் பழக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் தண்ணீர் வையுங்கள். சித்திரை வெயிலில் தானியத்துக்கு வராததும் தண்ணீருக்கு வரும். அகலமான மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம், நடுவில் கால் ஊன்ற ஒரு கல். தினமும் கழுவுங்கள்.

மீந்த மிக்சர், பிரியாணி போடலாமா? – திருப்பூர் வாசகி

கூடாது, அம்மணி. உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது. உப்பில்லாத சோறு ஒரு கைப்பிடி என்றால் சரி. மிச்சத்தை மதியத்துக்குள் எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவுங்கள்.

எதைப் போட்டாலும் மாடப்புறாக்களே தின்றுவிடுகின்றன. – கோபி வாசகர்

படிக்கணக்கில் தானியத்தை இறைத்தால் புறா வராமல் என்ன செய்யும்? கம்பங்கதிர், தினைக்கதிர் நாலைந்தைச் சேர்த்துக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். சிட்டுக்குருவியும் சில்லையும் கதிரைப் பற்றிக்கொண்டே கொத்தும். புறாவின் உடம்புக்கு அந்த வித்தை வராது.

புது வீடு கட்டியபோது பழைய கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டு, சுற்றிலும் டைல்ஸ் பதித்தோம். இரண்டாயிரம் ரூபாய்க்குத் தீனித்தட்டும் வாங்கி வைத்தாகிவிட்டது. முன்பு வந்த பறவைகள் இப்போது ஏன் வருவதில்லை? – காங்கேயம் வாசகர்

கேள்வியின் முதல் வரியிலேயே பதிலை எழுதிவிட்டு என்னைக் கேட்கிறீர்கள். கிளுவையை வெறும் முள் என்று நினைத்தீர்களா? அதில் கோவைக்கொடி ஏறும், பிரண்டை படரும். கோவைப்பழத்துக்குக் கிளியும் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். அடியில் சேரும் சருகைத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். வல்லூறு தலைக்கு மேல் வந்தால் அத்தனையும் முள்ளுக்குள் புகுந்துவிடும். கம்பியில் எங்கே போய்ப் புகுவது? வெட்டவெளியில் நீங்கள் வைத்திருக்கும் தட்டு வல்லூற்றுக்குப் போட்ட பந்தி.

இன்னொன்று: சிட்டுக்குருவி தான் தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். டைல்ஸில் புழு விளையாது.

அளவுக்கல் தகராறில் என் பங்காளி ஒருவர் பொக்லைனை விட்டு எங்கள் பொதுவேலியை ஒரே காலையில் வாரிப் போட்டார். அதிலிருந்து இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரிவதில்லை. கொரங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நம் பெரியவர்கள் வைத்த வேலிக்குக் காசு செலவில்லை, துரு ஏறாது, ஆடும் நுழையாது. ஒரு பக்கமாவது திரும்ப வையுங்கள். விதை தேட வேண்டாம், மழையை ஒட்டிப் போத்து (கிளைத்துண்டு) வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். தட்டை வேலியிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். அந்த இரண்டாயிரம் ரூபாய்த் தட்டையும் கழுவத்தான் வேண்டும்.

தேன்சிட்டுக்குச் சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா? – பொள்ளாச்சி வாசகர்

அமெரிக்காவில் ரீங்காரச்சிட்டுக்குச் செய்யும் ஏற்பாடு அது. அங்கேயே சாயம் வேண்டாம் என்கிறார்கள். செம்பருத்தியும் இட்லிப்பூவும் நடுங்கள்.

தீனிக்கு வரும் கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்க்க ஆசை. – பவானி வாசகர்

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைக்குப் போகவும் ஆசை இருக்கிறதா?

மயில் வர என்ன தீனி போட வேண்டும்? – தாராபுரம் வாசகர்

பக்கத்துக் காட்டில் நிலக்கடலை போட்டிருப்பவரிடம் முதலில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.