டீச்சரைக் கேளுங்கள்: டிசம்பர் ஈரத்தில் கிறிஸ்துமஸ் கைவேலை

கேள்வி: ஒரு வீடியோ பார்த்து, மைதாவும் உப்பும் பிசைந்து பிள்ளைகளோடு மணி, நட்சத்திரம், தேவதை எல்லாம் செய்தோம். வெயில் அடித்த ஒரு நாளில் காயவைத்து மரத்தில் தொங்கவிட்டோம். மழை பிடித்ததும் எல்லாம் வியர்த்துப் பிசுபிசுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. சின்னவள் ஒரே அழுகை. என்ன தப்பு செய்தோம்?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. மழையும் உப்பும் சேர்ந்து செய்த வேலை அது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கல் உப்பைப் பொடித்துப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதில் மெக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் இன்னும் சீக்கிரமே கசியும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி படும் பாடுதான் உங்கள் தேவதைக்கும்.

நம்ம பக்கம் டிசம்பரில் உப்பு மாவை நம்பாதீர்கள். ஆப்ப சோடாவில் செய்யலாம். சோடா 2 கப், கார்ன்ஃப்ளவர் 1 கப் (கடையில் வெள்ளையாக இருப்பது, மஞ்சள் மக்காச்சோள மாவு ஆகாது), தண்ணீர் ஒன்றேகால் கப். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். சட்டென்று இறுகிச் சட்டியை விட்டு உருண்டு வரும். உடனே இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி ஆறவிடுங்கள். இதுவரை உங்கள் வேலை. பிசைவதும், தேய்ப்பதும், டம்ளர் விளிம்பால் வெட்டுவதும் பிள்ளைகள் பாடு. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். நூல் கோக்கும் ஓட்டையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் போட்டுவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள், நடுவில் ஒருதரம் திருப்பிப் போட்டால், வெள்ளை வெளேரென்று காயும். போஸ்டர் கலர் அடித்து, மேலே வார்னிஷ் நீங்கள் பூசுங்கள்.

மிச்சமிருக்கும் உப்பு மாவை வீட்டு நாய்க்கு எட்டாமல் போடுங்கள். அவ்வளவு உப்பு அதற்கு விஷம்.

கேள்வி: ரெடிமேட் ஸ்டார் வாங்காமல் இந்த வருஷம் மூங்கிலில் கட்ட ஆசை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. முடியுமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக. இரண்டடி நீளத்தில் ஒரே அளவாகப் 10 மூங்கில் சிம்பு, 5 அங்குலத்தில் 5 குச்சி. சிம்பு சீவுவது பெரியவர் வேலை, சிராய் கையில் ஏறும். ஐந்து சிம்பை ஒன்றன்மேல் ஒன்று மாறி மாறிக் கோத்து முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் பொருத்தி ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டிய பிறகு, நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் குட்டிக் குச்சியைச் செருகி விரித்துக் கட்டுங்கள். அப்போதுதான் வயிறு உப்பி, பல்பு வைக்க இடம் கிடைக்கும். ஒன்பது வயதுப் பையன் கட்டு நன்றாகவே போடுவான். ஐந்து வயதுக்காரிக்கு ஈர்க்குச்சி கொடுங்கள், அவள் தனக்கென்று ஒரு சின்ன ஸ்டார் கட்டட்டும்.

கட்டிய ஸ்டார் மேல் தாள் ஒட்டப் பசை வீட்டிலேயே மைதாவில் காய்ச்சுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் விரல் வைக்கும் பசையில் அந்த விஷம் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் ஒரு மடிப்பை ஒட்டாமல் விட்டு, 5 வாட் எல்இடி பல்பு, தாளில் படாமல். பழைய குண்டு பல்பு சூட்டில் தாளைக் கருக்கிவிடும். தொங்கவிடுவது சன்ஷேடுக்கு அடியில், சாரல் படாத இடம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை தூங்கினபிறகு அது ஒட்டிய கோணல் தாளைப் பிரித்து நேராக ஒட்டுகிற அம்மா அப்பாக்களை எனக்குப் பிடிக்காது. காலையில் அதற்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன் எதையும் வாயில் போடுவான். சவுக்கு மரம் வைக்கலாமா?
– ஒரு பாட்டி, பாளையங்கோட்டை

பதில்: வையுங்கள் அக்கா. வாளியில் ஈர மணலை இறுக்கிச் சவுக்குக் கிளையை நட்டு, ஜன்னல் கம்பியோடு ஒரு கட்டும் போடுங்கள். அவன் கை எட்டும் உயரத்தில் துணி, காகிதம் மட்டும். மணி, பாசி, பொத்தான் எல்லாம் உச்சிக்கு. பனிக்காகப் பஞ்சு ஒட்டினால் சீரியல் செட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், தீப்பிடிக்கும்.

நான் உண்மையில் பயப்படுவது எல்இடி மெழுகுவர்த்திக்கு. அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். ஸ்க்ரூ போட்ட மூடி இல்லாததை வாங்காதீர்கள். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தால்கூட நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: குடிலுக்குப் பச்சைப் புல் எப்போது விதைப்பது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, டிசம்பர் 14, 15 வாக்கில் தட்டில் மண் பரப்பித் தூவுங்கள். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைச் சின்னவர்களிடம் கொடுங்கள், ஆனால் தட்டுக்கு அடியில் ஓட்டை இருக்கட்டும். அவர்கள் எப்படியும் அதிகம்தான் ஊற்றுவார்கள்.