மாற்றுத்திறனாளிகள் ஊருக்குள் எல்லாரோடும் வாழும் உரிமைக்காகச் சட்டப் போராட்டம் நடத்தியவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

சூ ஜேமிசன். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில், காசில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்காடும் அட்லாண்டா லீகல் எய்ட் சொசைட்டியில் வேலை பார்த்த வழக்கறிஞர். நம் ஊரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. அவரைச் சொல்வதற்கு முன்னால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏன் அவரைச் சொல்கிறேன் என்று புரியாது.

அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது 44 வயது. கும்பகோணத்தில் அம்மாவோடு இருந்தவரை விடிந்ததும் பால் வாங்கப் போவார், தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, டீக்கடையில் ஒரு டீ, கடைக்காரர் மாதக் கணக்கில் எழுதிக்கொள்வார். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று தெருவுக்கே சேதி சொல்வதும் அவர்தான். 2019இல் அம்மா தவறிப்போனார். காரியம் முடிந்த கையோடு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்றார்கள். நான் திருப்பூரில் இருக்கிறேன், சின்ன வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். சரி என்று தலையாட்டினேன்.

அந்த இல்லத்தில் அடி உதை எதுவும் கிடையாது. சுத்தமான இடம், மூன்று வேளையும் சாப்பாடு. ஆனால் கேட் எப்போதும் பூட்டியே இருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி முடிவெட்டு, ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பேசலாம். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "எப்ப வந்து கூட்டிட்டுப் போற பாப்பா?" ஏழு மாதம் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தெரிந்த ஒரு சிறப்பாசிரியர், சூ ஜேமிசன் நடத்திய ஓம்ஸ்டெட் வழக்கைப் பற்றிப் படித்துப் பாருங்கள் என்று சொன்னார். படித்தேன். சூ ஜேமிசனின் கட்சிக்காரரான லோயிஸ் கர்ட்டிஸ் என்ற பெண், மனநல மருத்துவமனையிலிருந்து அவருக்குத் திரும்பத் திரும்ப போன் செய்து கேட்டதும் இதேதான், நான் எப்போது இங்கிருந்து வெளியே போவேன் என்று. அந்த இடத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதே கேள்விக்கு நான் சமாளிப்புப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் வழக்குப் போட்டிருக்கிறார்.

லோயிஸ் 1967இல் பிறந்தவர், கறுப்பினப் பெண். அறிவுசார் குறைபாடும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயும் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அரசு நிறுவனங்களுக்குப் போவதும் வருவதுமாகத்தான் அவர் காலம் கழிந்தது. 1992 மே மாதம் அட்லாண்டாவில் இருந்த ஜார்ஜியா ரீஜனல் மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரே வருடத்தில், 1993 மே மாதமே, உடல்நிலை சீராகிவிட்டது, வெளியே தகுந்த உதவியோடு இவரால் வாழ முடியும் என்று அவருக்குச் சிகிச்சை கொடுத்த குழுவே ஒத்துக்கொண்டது. அதற்கப்புறமும் அவர் வெளியே வர 1996 பிப்ரவரி ஆனது. வெளியே அவருக்கு வேண்டிய ஏற்பாட்டை மாநில அரசு செய்து தரவில்லை, அவ்வளவுதான்.

1995 மே மாதம் சூ ஜேமிசன் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அப்புறம் அதே மருத்துவமனையில் இருந்த இலைன் வில்சன் என்ற பெண்ணும் வழக்கில் சேர்ந்தார். இலைனின் கதை இன்னும் கொடுமை. 1995இல் அவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட முடிவு செய்தபோது, வீடற்றவர்கள் தங்கும் விடுதிக்கு அனுப்பத்தான் ஏற்பாடு நடந்தது. அவருடைய வழக்கறிஞர் புகார் மனு கொடுத்த பிறகே அதைக் கைவிட்டார்கள். ஒன்று பூட்டிய கட்டடம், இல்லாவிட்டால் நடுத்தெரு. நம் ஊரிலும் இப்படித்தானே யோசிக்கிறோம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண வீடு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வழக்கு எதை வைத்து நின்றது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். 1990இல் அமெரிக்காவில் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி அரசு யாருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஒருவருடைய தேவைக்குப் பொருந்துகிற அளவில், முடிந்தவரை மற்றவர்களோடு கலந்து இருக்கும் சூழலில்தான் அரசு சேவைகளைத் தர வேண்டும் என்று அதன் கீழ் வந்த விதி ஒன்று சொல்கிறது. ஜார்ஜியா அரசு என்ன வாதாடியது என்றால், இதில் பாகுபாடு எங்கே இருக்கிறது, எங்களிடம் பணம் இல்லை, குறைபாடு இல்லாத வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு இவர்களுக்கு இல்லை என்று சொன்னோமா என்று. மேலோட்டமாகக் கேட்டால் நியாயம் மாதிரிதான் தெரியும். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அதற்குச் சொன்ன பதிலை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: மற்றவர்கள் யாரும் மருத்துவ உதவி வேண்டுமென்றால் வீடு, தெரு, வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று கேட்கப்படுவதில்லை. இந்தப் பெண்களிடம் மட்டும் அதைக் கேட்கிறீர்கள், குறைபாடு இருப்பதால் கேட்கிறீர்கள். பாகுபாடு என்பது அதுதான்.

1999 ஜூன் 22இல் தீர்ப்பு வந்தது, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். தேவையில்லாமல் ஒருவரை நிறுவனத்துக்குள் ஒதுக்கி வைப்பதே பாகுபாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு காரணங்கள் சொன்னார் கின்ஸ்பர்க். ஒன்று, உள்ளே வைக்கப்பட்டவர்களுக்கு ஊரோடு வாழும் தகுதி இல்லை என்ற தப்பான எண்ணத்தை அது வளர்க்கிறது. இரண்டு, சொந்தபந்தம், சிநேகம், வேலை, சம்பாத்தியம், படிப்பு என்று அன்றாட வாழ்க்கையில் இருக்கும் எல்லாமே அங்கே சுருங்கிப் போகிறது. இரண்டாவதைப் படிக்கும்போது எனக்கு அந்த டீக்கடைக் கணக்குதான் கண் முன்னால் வந்தது. இல்லத்தில் அண்ணனுக்கு டீ கிடைத்தது, ஆனால் அவர் பெயரில் கணக்கு எழுதும் கடைக்காரர் இல்லை.

இடையில் ஒரு விஷயம் நடந்தது, பலர் இதைச் சொல்வதில்லை. வழக்கை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜார்ஜியாவுக்கு ஆதரவாக 22 மாநிலங்கள் மனு போட்டிருந்தன. மாற்றுத்திறனாளி அமைப்புகள் மாநிலம் மாநிலமாகப் போய் நெருக்கியதில், கடைசியில் வாதத்துக்கு ஆதரவாக நின்றவை 7 மாநிலங்கள்தான். நீதிமன்றத்துக்குள் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், வெளியே சக்கர நாற்காலியில் வந்தவர்கள் இதைச் செய்தார்கள். சட்டப் போராட்டத்தை முன்னின்று நடத்துவது என்றால் இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். அதே மாதிரி, பணமில்லை என்ற வாதத்தைப் பற்றியும் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு வருகிறது, வீட்டிலோ ஊருக்குள்ளோ வைத்துப் பராமரிக்க மெடிக்கெயிட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் ஜார்ஜியாவுக்கு 2,109 இடங்கள் வரை அனுமதி இருந்தும், அது பயன்படுத்தியது 700தான்.

இல்லங்களை எல்லாம் மூடச் சொல்கிறீர்களா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. வெளியே வாழலாம் என்று சிகிச்சை தரும் நிபுணர்கள் சொல்ல வேண்டும், சம்பந்தப்பட்டவர் அதை மறுக்கக் கூடாது, மாநிலத்தின் வசதியையும் மற்றவர்களின் தேவையையும் பார்த்து நியாயமாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், இந்த மூன்றும் இருந்தால் அரசு செய்துதான் ஆக வேண்டும். மாட்டேன், இங்கேயே இருக்கிறேன் என்கிறவரை யாரும் வெளியே தள்ள முடியாது. மூன்றாவது நிபந்தனையில் அரசுகளுக்கு நிறைய இடம் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம், இன்றைக்கும் அமெரிக்காவில் காத்திருப்போர் பட்டியலில் லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்.

லோயிஸ் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஓவியர் ஆனார். படங்கள் விற்றார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2011 ஜூன் மாதம் வெள்ளை மாளிகையில் ஒபாமாவைச் சந்தித்துத் தான் வரைந்த படத்தைக் கொடுத்தார். 2022 நவம்பரில் புற்றுநோயால், 55 வயதில், தன் வீட்டில் இறந்தார். இலைன் 2004லேயே இறந்துவிட்டார், அவருக்கும் கடைசி சில வருடங்கள் வெளியே கிடைத்தன.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். ஏர்வாடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதில் வந்த உத்தரவுகளில் ஒன்று, அரசு மனநல மருத்துவமனை இல்லாத மாநிலங்களில் ஒன்றாவது கட்ட வேண்டும் என்பது. அந்த நேரத்தில் அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், கொட்டகைக்குப் பதில் மருத்துவமனை என்றுதான் நமக்கு யோசனை போனது, வீடு என்று போகவில்லை.

சட்டம் இப்போது மாறிவிட்டது. ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 5, மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு, குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 19 இன்னும் தெளிவு: குடும்பம் இல்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. லோயிஸுக்கு நடந்தது அப்படியே இதற்குள் வருகிறது. உத்தரப்பிரதேசத்தில் குணமான பிறகும் மருத்துவமனைகளிலேயே கிடந்தவர்களுக்காக கௌரவ் குமார் பன்சால் என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனதும் இதே பிரச்சினைக்காகத்தான். தமிழ்நாட்டில் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, பல வருடம் நிறுவனத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துத் துணையாளர்களோடு குடிவைக்கிறது.

இந்த மாதிரி உரிமை இருக்கிறது என்பது எனக்கு 2019இல் தெரியாது. "எனக்கு அப்புறம் இவனுக்கு யாரு?" என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார், சிறப்புக் குழந்தைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விதான். சூ ஜேமிசனைப் படித்த பிறகு எனக்குப் பட்டது, அந்தக் கேள்வியைக் குடும்பம் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை, அரசையும் நிறுத்திக் கேட்கலாம் என்பது. ஓம்ஸ்டெட் தீர்ப்பு வந்த அதே 1999இல்தான் நம் நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் தங்கள் ஊரிலும் ஊருக்குப் பக்கத்திலும் முடிந்தவரை சுயமாக வாழ வழி செய்வதும், பெற்றவர்கள் இறந்த பிறகு அவர்களைப் பாதுகாப்பதும் அதன் நோக்கங்களிலேயே இருக்கிறது. அம்மாவின் கேள்வி சட்டப் புத்தகத்தில் இருபது வருடமாக எழுதப்பட்டுக் கிடந்திருக்கிறது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எட்டாவது மாதம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். பராமரிப்பு உதவித்தொகை மருந்துக்கும் போக்குவரத்துக்குமே போய்விடுகிறது. முதல் ஒரு வருடம் நான் வேலைக்குப் போக முடியவில்லை. இப்போது அண்ணன் தெருவிலேயே ஒரு சின்ன பனியன் யூனிட்டில் பீஸ் அடுக்கிக் கொடுக்கிறார், தினமும் மூன்று மணி நேரம், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு நேராக டீக்கடைக்குத்தான் போவார். சட்டப்படி பாதுகாவலராக என்னை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு மனு கொடுத்திருக்கிறேன். கொடுக்கும் முன் அண்ணனிடம் உட்கார்ந்து விளக்கி, சம்மதமா என்று கேட்டேன். இல்லத்தில் சேர்த்தபோது நாங்கள் யாரும் கேட்காதது அது.

எனக்கு அப்புறம் என்பதும் யோசிக்க வேண்டியதாயிற்றே. இங்கே இதே நிலைமையில் இருக்கும் இன்னும் மூன்று குடும்பங்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம், நாலு பேருக்குமாக ஒரு வாடகை வீடு, ஒரு துணையாளர், நாங்கள் எல்லாரும் நடந்து போகும் தூரத்தில். போன வாரம் ஒரு வீடு பார்த்தோம். நாலு பேரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனோம். அண்ணன் எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, கேட்டைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். உங்களிடம்தான் சார் இருக்கும் என்றார் அவர்.