டெல்லிக்கு முதல் பயணம்: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் டெல்லி பற்றிய கேள்விகள் மட்டும். அரையாண்டு விடுமுறையில் கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

நான், கணவர், 8 மற்றும் 13 வயதில் இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். டிசம்பர் கடைசியில், ஞாயிறு காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லியில் இறங்குகிறோம். புதன் இரவு திரும்பும் ரயில். பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எந்த வரிசையில் பார்ப்பது?
– வாசகி, கோவில்பட்டி

முதலில் பட்டியலைப் பாதியாக்குங்கள். மாமியாரையும் சிறுபிள்ளையையும் கூட்டிக்கொண்டு டெல்லியில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம், மாலையில் ஒரு சின்ன இடம், அவ்வளவுதான் முடியும். ஒவ்வொரு இடமும் பரந்து கிடக்கிறது. செங்கோட்டை மட்டுமே 250 ஏக்கருக்கு மேல்.

அடுத்து கிழமை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகை (காந்தி ஸ்மிருதி), தாமரைக் கோயில், அக்ஷர்தாம் கோயில் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் இரண்டாம் நாளே திங்கள்! இது தெரியாமல் செங்கோட்டை வாசல் வரை போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் வார விடுமுறை கிடையாது. ஆகவே திங்கட்கிழமையை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டால் மற்றது தானாக அமைந்துவிடும்.

ஞாயிறு: இரண்டு இரவு ரயிலில் படுத்து வந்த உடம்பு. குளித்து, சாப்பிட்டு, மதியம் வரை எல்லோரும் தூங்குங்கள். பிறகு ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகம். மொஹஞ்சதாரோ நடன மங்கையைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பார்த்து ஆளுயரச் சிலை என்று நினைத்திருப்பார்கள். அதன் உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். அதை முதலில் காட்டிவிட்டு வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள். புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளத்து நடராஜர் அங்கே இருக்கிறார். காலைக் குறுக்கே தூக்கிய வழக்கமான கோலம் அல்ல; இரண்டு காலும் கீழே ஊன்றிய சதுர தாண்டவம். சோழர் வெண்கலத்தில் இது அபூர்வம். இங்கிருந்து கர்தவ்ய பாதை வழியாக மெதுவாக நடந்தால் இந்தியா கேட். அதை ஒட்டியே 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. அனுமதி இலவசம். இந்தியா கேட் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், கட்டாயம் உள்ளே போங்கள். வட்டம் வட்டமாக எழுப்பிய கல் சுவர்களில் உயிர்நீத்த வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் சிலை வரிசையில், 1987-இல் இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

திங்கள்: காலையில் பனிமூட்டம் இருக்கும், அவசரப்பட்டுக் கிளம்பிப் பயனில்லை. பத்து மணிக்கு மேல் ஹுமாயூன் கல்லறை. தாஜ்மகாலுக்கு எண்பது ஆண்டு மூத்த கட்டடம். நடுவில் குவிமாடம், நாலு பக்கமும் வாய்க்காலோடு தோட்டம் என்ற அமைப்பு இங்கே பெரிய அளவில் வந்து, பிறகு ஆக்ராவில் முழுமை பெற்றது. டெல்லியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கள் பரிந்துரை இதுதான். மேல்தளத்துக்கு ஏறும் படிகள் உயரமானவை, கைப்பிடியை நம்ப முடியாது. மாமியார் கீழே தோட்டத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கட்டும். அங்கிருந்தும் முழுக் கட்டடம் தெரியும்.

மதியத்துக்கு மேல் குதுப் மினார். உயரம் 73 மீட்டர். உள்ளே ஏற முடியாது. 1981-இல் நெரிசலில் பலர் இறந்த பிறகு மூடிவிட்டார்கள். பலர் மினாரை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்து மசூதி முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்து எழுத்து. இத்தனை நூற்றாண்டு மழையிலும் துருவேறி அழியவில்லை. அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. சுற்றியுள்ள மண்டபத் தூண்களை உற்றுப் பாருங்கள்: மணியும் சங்கிலியும் செதுக்கிய பழைய கோயில் தூண்கள். அங்கிருந்து ஆட்டோவில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். 1973-இல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாத சுவாமி கோயில், சின்னக் குன்றின் மேல். மாலை பூஜைக்குப் போனால் மாமியாருக்கு ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். கல் தரை சில்லென்று இருக்கும், காலுறையோடு நடக்கச் சொல்லுங்கள்.

செவ்வாய்: பழைய டெல்லி. மெட்ரோ ரயிலின் ஊதா தடத்தில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் செங்கோட்டை எதிரிலேயே. லாகூர் வாசல் வழியாக நுழைந்து, மூடிய கடைத்தெரு, நகரா மண்டபம், திவானி ஆம் (பொதுமக்கள் சபை மண்டபம்), திவானி காஸ் (தனிச் சபை மண்டபம்) என்று நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கலாம். மயிலாசனம் இருந்த இடம் திவானி காஸ். 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா அதைக் கொண்டுபோய்விட்டார். இந்திய தேசிய ராணுவத்தினரை 1945-இல் விசாரித்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். மலேயா தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் சேர்ந்த படை அது. உள்ளே இருக்கும் நேதாஜி அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் சாந்தினி சவுக். பகலில் முக்கியத் தெருவில் மோட்டார் வண்டி விடுவதில்லை. சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. ஏறும் முன் எங்கே போக வேண்டும், மொத்தம் எவ்வளவு, போக மட்டுமா போய்வரவா, வண்டிக்கா ஆளுக்கா என்று நாலையும் பேசி முடித்துவிடுங்கள். ‘ஆளுக்கு’ என்ற ஒரு சொல்லில்தான் கடைசியில் சண்டை வரும். ஜாமா மசூதியில் தொழுகை நேரத்தில் வெளியாரை விடமாட்டார்கள். கிழக்கு வாசலில் 35 படி, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமையை ஆக்ராவுக்கோ ஓய்வுக்கோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில், பனிமூட்ட காலத்தில், மாமியாரோடு ஆக்ரா போய்த் திரும்பச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. கடைவீதி, அக்ஷர்தாம் இரண்டில் ஒன்று போதும்.

ஒரே நாளில் தாஜ்மகால் பார்த்துத் திரும்ப முடியுமா? நாங்கள் மூன்று நண்பர்கள்.
– வாசகர், திண்டுக்கல்

முடியும், வெள்ளிக்கிழமை தவிர. அன்று தாஜ்மகால் பார்வையாளர்களுக்குக் கிடையாது. நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணியளவில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் பத்து மணிக்குள் ஆக்ரா கன்டோன்மென்ட் சேர்ந்துவிடும். குளிர்காலத்தில் இதுவே நல்லது. விடியற்காலையில் போனால் பத்தடி தூரத்தில் வெள்ளைப் பனிதான் தெரியும், தாஜ்மகால் தெரியாது.

நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை இருக்கும் மேல்மேடைக்குத் தனியாக 200 ரூபாய். 15 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது இந்த 200 ரூபாயைச் சேர்க்க மறப்பவர்கள் மேலே ஏற முடியாமல் நிற்கிறார்கள். நுழைந்ததிலிருந்து மூன்று மணி நேரம்தான் அனுமதி. தின்பண்டம், புகையிலை, கேமரா முக்காலி, பெரிய பை எதையும் விடமாட்டார்கள். டீசல், பெட்ரோல் வண்டிகள் வாசல் வரை வராது. கடைசி அரை கிலோமீட்டர் பேட்டரி வண்டி அல்லது நடை. பிறகு ஆக்ரா கோட்டை.

நீங்கள் இளைஞர்கள், ஊருக்குத் திரும்பும் நாளிலேயே ஆக்ராவை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கன்டோன்மென்டில் இரவு நிற்கும். டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை ஆக்ரா என்று முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு டெல்லியில் ஏற உரிமை கிடையாது. மாற்றாமல் ஆக்ராவில் காத்திருந்தால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். நிலையத்தின் பொருள் காப்பறையில் பூட்டுப் போட்ட பையை மட்டும்தான் வாங்குவார்கள். ஆளுக்கொரு சின்னப் பூட்டு ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

மெட்ரோவில் ஏறியதே இல்லை. இந்தியும் தெரியாது. சமாளிக்க முடியுமா?
– வாசகி, சிதம்பரம்

தாராளமாக. அறிவிப்பு, பலகை எல்லாம் ஆங்கிலத்திலும் உண்டு. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வாங்குங்கள். ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தேய்க்க முடியாது. இரண்டாமவர் கதவருகே மாட்டிக்கொள்வார். கார்டில் கட்டணம் பத்து சதவீதம் குறையும், வரிசையும் மிச்சம். மூன்றடிக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குப் பயணம் இலவசம்.

நுழையும்போது சோதனை வரிசை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. பையை எக்ஸ்ரே பெட்டியில் போட்ட பிறகு, அதை எடுக்க வேண்டியவர் யார் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இருவரும் மற்றவர் எடுத்திருப்பார் என்று போய்விடுவது உண்டு. ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. நெரிசலில் நீங்கள் அங்கே ஏறி, கணவர் அடுத்த பெட்டியில் ஏறினால், எந்த நிலையத்தில் இறங்குவது என்பதை இருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ராஜீவ் சவுக் நிலையத்தில் மஞ்சள் தடத்திலிருந்து நீலத்துக்கு மாறுவதுதான் புதியவர்களைக் குழப்பும். தரையில் ஒட்டியிருக்கும் பாதச் சுவடுகளின் நிறத்தைப் பின்பற்றினால் போதும். வெளியேறும் கதவில் மட்டும் கார்டைத் தேய்த்துவிடாதீர்கள். நடைமேடைக்கு வந்ததும் கடைசி நிலையத்தின் பெயரைப் பாருங்கள். திசையைச் சொல்வது அதுதான். காலை ஒன்பதிலிருந்து பத்தரை, மாலை ஐந்தரையிலிருந்து எட்டு, இந்த நேரங்களில் பெட்டி படுக்கையோடு போக வேண்டாம்.

புதுடெல்லி ரயில் நிலையத்தில் ஏமாற்றுகிறார்களாமே?
– வாசகர், விருத்தாசலம்

நிலையத்துக்கு இரண்டு பக்கம்: முதல் நடைமேடை ஒட்டிய பஹார்கஞ்ச், 16-வது நடைமேடை ஒட்டிய அஜ்மேரி கேட். மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம். இறங்கும் முன்பே எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டால் பாதித் தொல்லை இல்லை. தயங்கி நிற்பவரைத்தான் அணுகுவார்கள். “உங்கள் ரயில் ரத்து”, “இந்த டிக்கெட் செல்லாது, பக்கத்து அலுவலகத்தில் மாற்ற வேண்டும்”, “உங்கள் விடுதியில் தண்ணீர் இல்லை” என்பவை வழக்கமான பேச்சு. ரயில் ரத்தா என்பதைச் செல்பேசியிலோ ரயில்வே விசாரணை எண் 139-இலோ பாருங்கள். விடுதியை நீங்களே கூப்பிடுங்கள். நிலையத்துக்கு வெளியே யாரும் உங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

டிசம்பர் குளிருக்கு என்ன எடுத்துப்போவது?
– வாசகி, தூத்துக்குடி

இரவில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். பகல் வெயில் இதமாக இருக்கும். அதனால் ஒரே தடித்த கோட்டை விட, உள்ளே உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, மேலே சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர் என்று கழற்றி மாட்டக்கூடிய மூன்று அடுக்கு நல்லது. காதை மூடும் குல்லாய், ஆளுக்கு மூன்று ஜோடி காலுறை. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை டெல்லியைத் தவிர்ப்பதே நலம், காற்று அவ்வளவு மோசம். அவர்களுக்கு பிப்ரவரி கடைசியும் மார்ச் தொடக்கமும் ஏற்ற காலம்.

அக்ஷர்தாமில் செல்பேசி கூடாதாமே?
– வாசகர், காரைக்குடி

செல்பேசி, கேமரா, பை, உணவு எதுவும் கூடாது. காப்பறை உண்டு, ஆனால் திரும்ப வாங்க நீண்ட வரிசை. எல்லாவற்றையும் விடுதியில் வைத்துவிட்டு, பணத்தையும் தண்ணீர் வாங்கச் சில்லறையையும் மட்டும் எடுத்துப்போங்கள். உள்ளே கூப்பிட்டுத் தேட வழியில்லை, எனவே பிரிந்தால் எந்த வாசலில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று நுழையும் முன்பே குடும்பத்தில் எல்லோரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் ஆகும். இதற்கும் திங்கள் விடுமுறை.