பணியில் ஊனமுற்று ராணுவத்திலிருந்து வெளிவந்தவர் சட்டம் படித்து, முன்னாள் படைவீரர்களுக்காக வழக்காட முடியுமா?

முடியும். கண்ணிவெடியில் இடது பாதத்தை இழந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்டபின் சட்டம் படித்து, இப்போது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்காடி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தொழிலில் நமக்குக் கைகொடுப்பது நம் காயம் அன்று, ராணுவக் காகிதங்களோடு நமக்குள்ள பழக்கமே.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். பிறகு வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு எழுதாமலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. அத்தகைய பட்டத்தை பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் சட்டப் படிப்புக்கான தகுதியாக ஏற்பதில்லை என்பதால், கட்டணம் கட்டும் முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 2009 முதல் இயங்கிவரும் இந்தத் தீர்ப்பாயத்துக்கு வரும் வழக்குகளில் டிஸ்எபிலிட்டி பென்ஷன், அதாவது பணியால் வந்த ஊனத்துக்கோ நோய்க்கோ தரப்படும் ஓய்வூதியம் பற்றியவை ஏராளம். நோய் 'படைப்பணியால் ஏற்பட்டதும் அன்று, அதனால் தீவிரமடைந்ததும் அன்று' என்று ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால் பென்ஷன் மறுக்கப்படும். அதற்குக் காரணமாகப் பல அறிக்கைகளில் காணப்படுவது, 'பீஸ் ஸ்டேஷனில் (போர்முனை அல்லாத அமைதிப் பகுதி முகாமில்) இருந்தபோது தொடங்கியது' என்ற ஒற்றை வரிதான். வெளியிலிருந்து வரும் வழக்கறிஞர் அந்த வரியை அப்படியே நம்பிவிடக்கூடும். படையில் இருந்தவரோ உடனே போஸ்டிங் விவரத்தைப் புரட்டி, ரத்த அழுத்தம் கண்டறியப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை வழக்குத் தொடுத்த ஹவில்தார் எந்த மலைமுகட்டில் நின்றார் என்று பார்ப்பார். பீஸ் ஸ்டேஷன் என்றால் ஓய்வு என்று பொருள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

சட்டமும் பெரும்பாலும் நம் பக்கமே இருக்கிறது. சேரும்போது மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய் பணிக்காலத்தில் வந்தால், அது பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்றும் தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊனத்தின் அளவு 20 சதவீதமாவது இருந்து, அது பணியால் வந்ததாக ஏற்கப்பட்டால், அதை 50, 75, 100 என மேல்நோக்கி முழுமையாக்கிக் கணக்கிடும் பயன், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்பதை 2014இல் ராம் அவ்தார் வழக்கு உறுதி செய்தது.

அமர்வில் நீதித்துறை உறுப்பினரோடு, ஓய்வுபெற்ற உயர் ராணுவ அதிகாரி ஒருவரும் இருப்பார். அவரைக் கண்டதும் விறைத்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பழைய பழக்கம் நமக்கு எளிதில் போவதில்லை. அதை உதறாமல் வாதாட வராது. வீரக் கதைகளும் அங்கே எடுபடா, அவர் நம்மைவிட அதிகம் பார்த்தவர்.

வருமானம் தொடக்கத்தில் குறைவாகவே இருக்கும். பென்ஷனை மட்டும் நம்பி வாழும் கட்சிக்காரர், 'ஜெயித்தால் நிலுவையில் பங்கு தருகிறேன்' என்று நல்ல மனத்தோடு சொன்னாலும், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வென்ற பின்னரும் வேலை முடிவதில்லை: உத்தரவு நடைமுறைக்கு வராவிட்டால், அதை நிறைவேற்றக் கோரி மீண்டும் மனுப் போட வேண்டியிருக்கும். வக்காலத்து போடுவதைவிட, அதிகாரியின் பெயருக்கு நேரடியாக எழுதப்படும் ஒரு தெளிவான மேல்முறையீட்டுக் கடிதம் சில வேளைகளில் அதிகம் சாதிக்கிறது என்பது என் கருத்து.

யாரிடம் ஜூனியராகச் சேர்வது என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். 2023 செப்டம்பரில் இந்த பென்ஷனுக்கான புதிய தகுதி விதிகள் வந்துவிட்ட பின்னரும், பழைய தீர்ப்புகளின் வாசகங்களை ஒட்டியே எல்லா மனுக்களையும் தயாரிக்கும் அலுவலகம் உங்களுக்கு ஏற்ற இடம் அன்று.