7 அடி சந்துக்குள் இருக்கும் வீட்டுக்குப் பம்ப் வைத்துத் தளம் போட என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

சந்து 7 அடி அகலம், வீடு தெருமுனையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, முதல் மாடித் தளத்துக்கு ரெடிமிக்ஸ் (பிளான்ட்டிலேயே கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) வாங்கிப் பம்ப் வைக்கலாம் என்கிறார் மேஸ்திரி, நம்பிப் போடலாமா, நான் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். நான் திருச்சியில் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன். உறையூரில் என் தங்கை வீட்டுக்கும் இதே நிலைமைதான். மிக்சர் வண்டி 8 அடிக்கு மேல் அகலம், சந்துக்குள் நுழையவே முடியாது. தெருமுனையில் பம்பை நிறுத்தி, 10 அடி பைப் 16 கோர்த்து, சந்து வழியாகக் கொண்டுபோய் மாடியில் ஏற்றினோம். இப்படிப் பைப் வழியாகத் தள்ளும் லைன் பம்புக்கு 150 அடி எல்லாம் பெரிய தூரமே இல்லை. கை நீட்டிப் போடும் பூம் பம்ப் உங்களுக்கு வேண்டாம். அதற்குக் கால் விரிக்க இடம் வேண்டும், மேலே மின்கம்பி குறுக்கே போகக் கூடாது. பழைய தெருக்களில் இரண்டுமே கிடைக்காது.

தளம் போடுகிறவர்கள் எல்லோரும் தளத்தையே பார்ப்பார்கள். கம்பி சரியா, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) சரியா என்று நாலு பேர் ஏறிப் பார்ப்பார்கள். வண்டி நிற்கப்போகும் இடத்திலிருந்து தளத்தின் கடைசி மூலை வரை பைப் போகும் வழியை யாரும் நடந்து பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை பம்ப் வேலையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் வருகின்றன. அதனால் ஒரு வாரம் முன்பே டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வழியை நடந்துவிடுங்கள்.

முதலில் வண்டி நிற்கும் இடம். பம்பும் அதன் வாய்க்குப் பின்பக்கமாக வந்து நிற்கும் மிக்சரும் சேர்ந்து சுமார் 50 அடி நீளம் பிடிக்கும். 6 கியூபிக் மீட்டர் ஏற்றிய வண்டியில் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல். வண்டியோடு சேர்த்து 25 டன்னை ஒட்டி வரும். சக்கரம் ஏறும் இடத்தில் பாதாள சாக்கடை மூடி, யாராவது வாசலில் புதைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி, புதிதாகத் தோண்டி மூடிய குடிநீர்க் குழாய்ப் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். தங்கை வீட்டுத் தெருமுனையில் ஒரு வீட்டுக்காரர் சம்ப்பைத் தெருவோரம் வரை நீட்டிக் கட்டியிருந்தார். மேலே சிமெண்ட் பூசியிருந்ததால் பார்த்தால் தெரியாது. அவரே வந்து சொன்னதால் தப்பித்தோம். நகரத்துக்குள் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டா என்பதைப் போக்குவரத்துக் காவலரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பைப் போகும் வழி. எவ்வளவு நேராகப் போகிறதோ அவ்வளவு நல்லது, வளைவு கூடக்கூட அடைப்பும் கூடும். பம்ப் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் மொத்த பைப்பும் ஒரு குலுக்கு குலுக்கும். 125 மி.மீ. பைப்பில் ஒரு 10 அடித் துண்டுக்குள் மட்டும் 90 கிலோ கான்கிரீட் இருக்கும், அது விடாமல் அசைந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தரையில் பழைய டயர் அல்லது மணல் மூட்டை வைத்து அதன்மேல் உட்கார வையுங்கள். மாடிக்கு ஏறும் இடத்தில் கீழ் வளைவு பின்னால் நகராதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். ஏறும் பைப்பை ஏற்கெனவே கட்டி முடித்து இறுகிய தூணிலோ அதற்கென்று தனியாகக் கட்டிய சாரத்திலோதான் கட்ட வேண்டும். சென்ட்ரிங் முட்டில் ஒருபோதும் கட்ட விடாதீர்கள். 'அண்ணே, ஒரு கயிறு போட்டா போதும்' என்று ஆட்கள் அதில்தான் முதலில் கட்டுவார்கள். அரை மணி நேரக் குலுக்கலில் ஒரு முட்டு ஆப்பை விட்டு நழுவினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தளத்தின் மேலும் அதே கதைதான். பைப்பைக் கம்பியின் மேல் நேராகப் போட்டால் மேல்கம்பி அமுங்கிவிடும். பீம் மேல் வரும் எக்ஸ்ட்ரா கம்பி மேலே இருந்தால்தான் பலன், கீழே இறங்கிவிட்டால் போட்டதற்கே அர்த்தமில்லை. அங்கும் டயர் போட்டு, கீழே சேர் கம்பியை (மேல்கம்பியைத் தாங்க நாற்காலி மாதிரி வளைத்த கம்பி) நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். தூரத்து மூலையில் தொடங்கி, போடப்போட ஒவ்வொரு பைப்பாகக் கழற்றிக்கொண்டு படிக்கட்டு பக்கம் பின்வாங்க வேண்டும்.

சென்ட்ரிங்கை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பாருங்கள். கைக்கலவையில் சட்டி சட்டியாக வருகிற கான்கிரீட் பம்பில் கால் மணி, இருபது நிமிடத்தில் ஒரு வண்டி முழுவதும் மேலே வந்துவிடும். ஹோஸை ஒரே இடத்தில் பிடித்தால் இடுப்பளவு குவியும். இரண்டு அடி உயரக் குவியல் என்றாலே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன். அதனால் குவிக்கக் கூடாது, நகர்த்திக்கொண்டே போட வேண்டும். முட்டுகளின் கீழே மண் தரை என்றால் ஒவ்வொன்றுக்கும் பலகை கொடுங்கள், செங்கல் துண்டு போதாது. கான்கிரீட் போடும் நேரம் முழுக்கக் கீழே ஒரு தச்சர் ஆப்பும் சுத்தியலுமாக முட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள்.

அளவுக் கணக்கில் பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. தங்கை வீடு 850 சதுர அடி, 5 அங்குலத் தளம், அதாவது 10 கியூபிக் மீட்டர். பீம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை. 160 அடி பைப்புக்குள்ளேயே 0.6 கியூபிக் மீட்டர் நின்றுவிடும். அதைச் சேர்க்காமல் சொன்னால் கடைசி மூலைக்கு 20 கன அடி குறையும். முதல் இரண்டு வண்டியை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது வண்டியின் அளவை இரண்டாவது வண்டி பாதி இறங்கும்போது மீதி இடத்தை டேப் பிடித்து அளந்து சொல்வதாக பிளான்ட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். பைப்பில் மிஞ்சுவதற்கும் முன்பே ஒரு இடம் பார்த்து வையுங்கள். நாங்கள் கொல்லையில் துணி துவைக்கும் இடத்துக்குச் செங்கல் அடுக்கித் தயாராக வைத்திருந்தோம்.

கான்கிரீட் சொல்லும்போது 'பம்ப் மிக்ஸ்' என்று சொல்லுங்கள், ஜல்லி 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். இளக்கம் பொதுவாக 100 முதல் 150 மி.மீ. ஸ்லம்ப் இருக்கும். வண்டி வந்ததும் 30 செ.மீ. உயரக் கூம்பில் அடைத்து, கூம்பைத் தூக்கி, எவ்வளவு உட்காருகிறது என்று (அதுதான் ஸ்லம்ப்) அளந்து காட்டச் சொல்லுங்கள். கெட்டியாக இருக்கிறது என்று டிரைவர் டிரம்முக்குள் தண்ணீர் ஹோஸை விடப் போனால் தடுத்துவிடுங்கள். தண்ணீர் கூடினால் பைப்பில் சுலபமாகப் போகும், தளத்தின் பலம் போய்விடும். பிளான்ட் ஆளை வரச்சொல்லி, அவர் கையால் கெமிக்கல் சேர்த்துத்தான் இளக்க வேண்டும். சலானில் லோடு ஏற்றிய நேரம் இருக்கும். அதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி, ஐஎஸ் 4926.

எங்களுக்குச் சோதனை வந்தது இந்த நேர விஷயத்தில்தான். சித்திரை மாதம், காலை 7 மணிக்குத் தொடங்கினோம். முதல் வண்டி அருமையாக முடிந்தது. இரண்டாவது வண்டி வழியில் மாட்டி 40 நிமிடம் தாமதம். பைப் முழுக்கக் கான்கிரீட், மேலே வெயில். ஈரச் சாக்கு போட்டிருக்க வேண்டும், போடவில்லை. வண்டி வந்து மறுபடி தள்ளியபோது பம்ப் உறுமியது, மேலே ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. 'மச்சான், பாதித் தளம் அப்படியே நிக்குதே' என்றார். பம்ப் ஆப்பரேட்டர் பதறவில்லை. முதலில் ரிவர்ஸ் போட்டு அழுத்தத்தை இறக்கினார். அப்புறம் சின்னச் சுத்தியலால் பைப்பை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சந்து நெடுகப் போனார். ஒரே மாதிரி கேட்டுக்கொண்டு வந்த சத்தம் சந்து திரும்பும் வளைவில் மட்டும் கல்லைத் தட்டினது போல் மாறியது. 'இங்கதாண்ணே' என்றார். பைப்பை இணைக்கும் கிளாம்ப்பைத் திறந்து பார்த்தால், சிமெண்ட் பாலெல்லாம் போய் வெறும் ஜல்லி இறுகி நின்றது. சுத்தம் செய்து மாட்ட 25 நிமிடம். அதுவரை தளத்தில் பாதியில் நின்ற கான்கிரீட்டின் ஓரம் காய்ந்துபோகாமல் காப்பாற்றியது, மேஸ்திரி பிடிவாதமாக வரவழைத்திருந்த சின்ன மிக்சரும் 10 மூட்டை சிமெண்ட்டும்தான். கொல்லையில் கலந்து, கயிற்றில் சட்டி ஏற்றி, ஓரம் முழுக்கப் புதுக்கலவை கொடுத்து வைப்ரேட்டர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்களும் அப்படி ஒரு மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி தொடங்கும்போதே இரண்டாவது வண்டி பக்கத்துத் தெருவில் வந்து நிற்கும்படி பேசுங்கள்.

பாதுகாப்பை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் பைப்பை வழுக்க வைக்கச் சிமெண்ட் பால் விடுவார்கள். அது தளத்தில் ஒரே இடத்தில் விழாமல் சட்டியில் பிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். அந்த நேரத்திலும், அடைப்பு எடுத்தபின் திரும்பத் தொடங்கும்போதும், உள்ளே மாட்டிய காற்று வெடித்து ரப்பர் ஹோஸ் பாம்பு மாதிரி சுழற்றி அடிக்கும். ஹோஸ் முனைக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. பம்ப் அழுத்தத்தில் இருக்கும்போது யாரும் கிளாம்ப்பைத் தொடக் கூடாது. குழந்தைகளை அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சர்வீஸ் ஒயர் சந்துக்குக் குறுக்கே தாழ்வாகத் தொங்கினால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பைப் ஏற்றி இறக்கும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக அக்கம்பக்கம். பைப் பத்து வீட்டு வாசல் வழியாகப் போகும், அன்று யாரும் பைக்கை வெளியே எடுக்க முடியாது. முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். எதிர்வீட்டு அக்கா, 'வாசல்ல சிமெண்டு காஞ்சு நின்னுச்சுன்னா நான் எப்படிம்மா கோலம் போடுவேன்?' என்று தங்கையிடம் கேட்டார். நியாயமான பயம். பைப்பைக் கழற்றிக் கழுவும்போது வரும் சிமெண்ட் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் உள்ளேயே படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். தெருமுனையில் தார்ப்பாய் விரித்து மணல் மூட்டையால் வரப்பு கட்டி அதற்குள்தான் கழுவ வேண்டும், மறுநாள் இறுகியதும் உடைத்து அள்ளிவிடலாம். இரண்டு சித்தாள்களை அந்த வேலைக்கென்றே நிறுத்தி, பைப் கழற்றக் கழற்றப் பின்னாலேயே துடைப்பமும் வாளியுமாகச் சந்து முழுக்கக் கழுவிக்கொண்டு வரச் சொன்னோம். சாயங்காலம் 4 மணிக்குள் அக்கா வீட்டு வாசல் கழுவியாயிற்று. ஈரம் காயும் முன்னாலேயே தங்கை போய் அதைக் காட்டிவிட்டு வந்தாள்.