‘பாப்போம் சார்’ என்பது எத்தனை சதவீதம்?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, கல்லூரி கபடி அணியை நடத்தும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். பள்ளி முடித்த பையன்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நம் கல்லூரிக்கு இழுப்பதுதான் அதன் உயிர். பையனின் விருப்பத்தை 0 முதல் 100 வரை எண்ணாகக் காட்டுகிறோம். ஆடிப் பார்த்தவர்கள், ‘82 இருந்தும் வேற காலேஜுக்குப் போயிட்டான், கேம் ஏமாத்துது’ என்கிறார்கள். எண்ணுக்குப் பதில் நட்சத்திரம் போடலாமா?

பதில்: நட்சத்திரம் போட்டால், ‘நாலு நட்சத்திரம் இருந்தும் போயிட்டான்’ என்பார்கள், அவ்வளவுதான். உங்கள் திரை பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. 82 என்பது உங்கள்மேல் அவனுக்கு உள்ள விருப்பம். மதுரைக் கல்லூரி ஒன்றின்மேல் 88 இருந்தால் அவன் பஸ் ஏறப்போவது அங்கேதான். ஆடுகிறவரோ நூற்றுக்கு 82 என்றதும், வர 82 சதவீத வாய்ப்பு என்று படித்துக்கொள்கிறார். அதிலும், பெரிய வாய்ப்பு என்றால் நிச்சயம் என்றே மனம் எடுத்துக்கொள்ளும். ‘சிவிலைசேஷன்’ கேமை உருவாக்கிய சிட் மேயர், கேம் செய்பவர்கள் கூடும் ஜிடிசி மாநாட்டில் 2010-இல் பேசும்போது இதைச் சொன்னார்: தங்கள் பலம் மூன்று, எதிரியின் பலம் ஒன்று என்று காட்டிய சண்டையில் தோற்றவர்கள், கணக்கே தப்பு என்று கொதித்தார்களாம்.

அதனால் முதலில் போட்டியாளர்களைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். 2024 ஜூலையில் வந்த, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியை நடத்தும் கேமான இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25, ஒரு வீரன் மனதில் எந்தெந்தக் கல்லூரிகள் முன்னே நிற்கின்றன என்று வரிசையாகவே காட்டுகிறது. நாம் எத்தனையாவது இடம், முதலிடத்துக்கு எவ்வளவு தூரம், அது குறைகிறதா கூடுகிறதா: இந்த மூன்றும்தான் ஆடுகிறவருக்கு வேண்டும்.

அடுத்து, விருப்பத்தின் அளவு. இதை எண்ணாகக் காட்டாமல் பையனின் வாயாலேயே சொல்ல வையுங்கள் என்பேன். கோயில் கொடை கபடியில் பையனைப் பார்த்துப் பேசப் போகும் பி.டி. சாருக்கு எண்ணா கிடைக்கிறது? ‘பாப்போம் சார்’ என்றால் மனசு வேறெங்கோ இருக்கிறது. ‘அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுதேன் சார்’ என்றால் பாதி வழி வந்துவிட்டான். ‘ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எத்தன பேரு சார்?’ என்று அவனாகவே கேட்டால் மனதளவில் பெட்டி கட்டிவிட்டான். இப்படி ஐந்து படிகள் போதும். ஆனால் சொல் மட்டும் இருந்தால் எது மேல்படி என்று புதியவர்களுக்குக் குழம்பும். கீழே ஐந்து கட்டம் கொண்ட பட்டை ஒன்று ஓடட்டும். உங்கள் திரையில் ஒரு வரிசை இப்படி வரலாம்:

நாங்குநேரி, ரைட் கார்னர்
‘அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுதேன் சார்’
■■■□□
2ஆம் இடம், இடைவெளி குறைகிறது ▲
பிடித்தது: மேட் பயிற்சி. தடை: ஹாஸ்டல் கட்டணம்

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வது அந்த வரிதான். கட்டணச் சலுகை கொடுத்தும் பையன் போய்விட்டால் ஆடுகிறவருக்கு வருத்தம் வரும், கோபம் வராது.

உள்ளே 0 முதல் 100 கணக்கு அப்படியே ஓடட்டும். ஒன்று மட்டும் கவனம்: 60-ஐத் தொட்டால் மேல்படி, 59 ஆனதும் கீழ்படி என்று வைத்தால் வாராவாரம் சொல் மாறி எரிச்சலூட்டும். 60-இல் ஏறட்டும், 54-க்கு வந்த பிறகே இறங்கட்டும்.

சரி, நேரில் பார்க்காத பையன்? அவனுக்கு ஒரே படியைக் காட்டுவது பொய்யாகிவிடும். கால்பந்து அணியை நடத்தும் கேமான ஃபுட்பால் மேனேஜரில் வீரரின் திறன்கள் 1 முதல் 20 வரை. சரியாக ஆராயாத வீரருக்கு அது ஒரு வீச்சாகத்தான் தெரியும். நீங்களும் பட்டையில் இரண்டு மூன்று கட்டங்களை மங்கலாகக் காட்டி, வீட்டுக்குப் போய்ப் பேசப் பேசச் சுருக்குங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆடுவார்கள். அப்புறம், தமிழ்ச் சொற்கள் நீளம்; சின்ன போனில் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்ததும், கேமைப் பார்த்தே இராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ‘இந்த வாரம் எந்தப் பையன் வீட்டுக்குப் போவீங்க, ஏன்?’ என்று மட்டும் கேளுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு ‘ஏன்’ என்பதற்குத் தடுமாறினால், அந்தக் கடைசி வரியை மேலே ஏற்றுங்கள்.